டிஸ்யூவில் எழுதும் எண்கள்

ஷா ஆலாமில் ஒரு கேலிபிரேஷன் லேபில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். அது என்ன வேலை என்று இலக்கிய நண்பர்கள் கேட்டால், தராசையே நிறுத்துப் பார்க்கிற இடம் என்று சொல்லி வைப்பேன். தொழிற்சாலையின் அழுத்தமானி 6 பார் காட்டினால் அது உண்மையிலேயே 6 பார்தானா என்று, அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சான்றிதழில் எழுதித் தருவோம். கடைசி நான்கு வருடமாக எல்லாம் ஒரு சாஃப்ட்வேர் வழியாகத்தான் நடக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் அதை மேனேஜருக்குக் காட்டினார்கள், கணக்குப் பிரிவுக்கும் காட்டினார்கள். கருவியைக் கையில் பிடிக்கிற ஆறு பேரில் ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டு, "தம்பி, இதுல ஒரு ஜாப் செஞ்சு பாரு" என்று யாரும் சொல்லவில்லை.

அழுத்தமானியை 0, 2, 4, 6, 8, 10 என்று ஏற்றி, அதே வழியில் இறக்குவோம். ஏறும்போது காட்டுவதும் இறங்கும்போது காட்டுவதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசமும் சான்றிதழுக்கு வேண்டும். சாஃப்ட்வேரோ, 2-க்கு ஏற்றம், உடனே 2-க்கு இறக்கம் என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்கிறது. ஒரு எண்ணை அடித்ததும் கர்சர் தானாக இறக்கக் கட்டத்துக்குத் தாவிவிடும். ஒரு கை பம்பில், கண் முள்ளில். மவுஸைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் டிஸ்யூவில் எழுதி வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து அடிக்கிறோம். டிஸ்யூ குப்பைக்குப் போகிறது.

எங்கள் அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன் 2017 பதிப்பு, 7.5 பிரிவில், மூல அளவீடுகளை எடுக்கிற நேரத்திலேயே பதிய வேண்டும், பின்னால் திருத்தினால் பழையதும் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் மூல அளவீடு குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. முன்பு பாரத்தில் பேனாவால் எழுதினோம். அடித்தல் திருத்தலாவது மிஞ்சியது.

லாகின் சமாசாரம் இதைவிட மோசம். பத்து நிமிடம் கீபோர்டைத் தொடாவிட்டால் வெளியே தள்ளிவிடும். எடைக்கற்கள் அறை வெப்பநிலைக்கு வரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். திரும்பி வந்து, கையுறையைக் கழற்றி, பாஸ்வேர்ட் அடித்து, மறுபடி மாட்டி... இப்படி எத்தனை தடவை? கடைசியில் பாஸ்வேர்டைத் திரை ஓரத்தில் ஒட்டி வைத்தோம். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் பெயரில்தான் அன்றைக்கு எல்லா வேலையும்.

போன வருடம் ஒரு சான்றிதழ் தப்பாகப் போனது. அழுத்தமானியின் முகப்பில் கிலோ/சதுர சென்டிமீட்டர். சாஃப்ட்வேரில் முன்கூட்டியே போட்டிருந்த அலகு பார். 1 கிலோ/ச.செ.மீ. என்பது 0.98 பார். நல்ல கருவி 2 சதவீதம் தப்பு என்று சான்றிதழ் வாங்கியது. "அலகைச் சரிபார்க்கவும், தொடரவா?" என்ற எச்சரிக்கை வந்திருக்கும். அது எல்லா ஜாபிலும் வருகிறது, அலகு சரியாக இருந்தாலும் வருகிறது. விரல் தானாக எண்டரைத் தட்டிவிடும்.

எச்சரிக்கைக் கடிதம் லாகினில் பெயர் இருந்த நண்பருக்குப் போனது. அன்று மதியம் அவர் லேபிலேயே இல்லை, பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோக அரைநாள் லீவு. அதைச் சொன்னால் லாகினைப் பகிர்ந்தது வெளியே வரும், ஆறு பேரும் மாட்டுவோம். "விடு அண்ணே" என்று கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'மனிதத் தவறு'. தீர்வு என்ற கட்டத்தில் 'மறுபயிற்சி'. தப்பு செய்தது நானாகக்கூட இருக்கலாம். யாரென்று கண்டுபிடிக்க அந்தப் பதிவில் இனி வழியே இல்லை.

1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். ஒரு விபத்தில் திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' மட்டும்தான். அதுபோன்ற எண்கள் அடிக்கடி வந்துபோனதால், 'பி' என்ற எழுத்தைத் தட்டித் தொடர்வது அங்கிருந்தவர்களுக்குப் பழகியிருந்தது. பழக்கிவிட்டது இயந்திரம்தான். எங்கள் லேபில் யாரும் சாகவில்லை, ஆனால் அந்த விரலை எனக்குத் தெரியும்.

ஆட்டோமேஷனே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். மல்டிமீட்டரை ஒயரில் இணைத்து, கணினியே அளவை வாங்கிக்கொள்ளும்போது எண்ணைப் பார்த்து எழுதுகிற தவறே கிடையாது. அது எனக்குப் பிடித்த வேலை. முள் வைத்த அழுத்தமானிக்கு ஒயர் கிடையாது, டார்க் ரெஞ்சுக்கும் பெரும்பாலும் கிடையாது. அங்கே ஒயர் என் கண்தான். பயன்பாட்டுக்கு முன் சாஃப்ட்வேரைச் சரிபார்க்கச் சொல்லும் 7.11 பிரிவிலேயே, பொதுவாக விற்கப்படும் சாஃப்ட்வேரை அதற்குரிய வரம்புக்குள் பயன்படுத்தினால் போதுமான அளவு சரிபார்க்கப்பட்டதாகக் கருதலாம் என்று ஒரு குறிப்பு உண்டு. எல்லாரும் அந்தக் குடைக்குள் நின்றுகொள்கிறார்கள். கணக்கு சரியா என்று பார்த்தாகிவிட்டதாம். கை எங்கே போகிறது என்று பார்க்க ஆளில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், பால்மரக் கத்தியைப் பற்றியும் கங்காணியின் கணக்குப் புத்தகத்தைப் பற்றியும் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று இப்படியொரு திரைக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். அந்தத் திரையைப் பற்றி ஒரு கதைகூட என் கண்ணில் படவில்லை.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்தக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். மீட்டிங்கில் எங்களுக்கு நாற்காலி இல்லை. ஒரு பழைய அழுத்தமானியையும் கைப்பம்பையும் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்கப்போகிறேன். விற்க வந்தவர் 10 பார் வரை ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டட்டும். டிஸ்யூ கேட்டால் கொடுக்கிறேன்.