பிளேடும் வேண்டாம்! பெட்ரோலும் வேண்டாம்!

புது மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வருகிறது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். மஞ்சள், குங்குமம் வைக்கிறோம். அடுத்தது ஸ்டிக்கர்! டேங்கில் மகள் பெயர். பக்கத்தில் நடிகர் படம். பின்னால் ஒரு சிங்கம்.

ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். எடுக்கும்போதுதான் கஷ்டம் தெரியும். படம் கிழிந்து வந்துவிடும். பசை வராது. அதில் தூசி படிந்து கறுத்துப்போகும்.

எங்கள் தெருவில் ஒரு தாய், மகளிர் குழுவில் கடன் வாங்கி மகனுக்குப் பழைய வண்டி எடுத்துக் கொடுத்தார். முன்பு வைத்திருந்தவர் ஒட்டிய ஸ்டிக்கர் டேங்கில் இருந்தது. மகன் பிளேடால் சுரண்டினான். பசை போயிற்று. பெயிண்டும் போயிற்று! மழைக்காலம் வந்தது. கீறல் விழுந்த இடமெல்லாம் துரு. கடன் தவணை முடியவில்லை. அதற்குள் பெயிண்ட் அடிக்கும் செலவு வந்துவிட்டது.

இது அவன் ஒருவனின் கதை அல்ல. வாகனங்களில் அனுமதி இல்லாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் 2024-ம் ஆண்டு மே 2-ந் தேதி முதல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னை போக்குவரத்து போலீசார் அறிவித்தார்கள். ஒட்டியதை எடுக்க வேண்டிய கட்டாயம் பலருக்கு வந்தது.

உயிருக்கு ஆபத்து

பலரும் செய்யும் தவறு, பெட்ரோல் போட்டுத் துடைப்பது. பசை கரையும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். தூரத்தில் உள்ள அடுப்போ, பீடி நெருப்போ போதும். குப்பென்று பற்றிக்கொள்ளும்! பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் கதி என்ன? ஸ்டிக்கர் பசைக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? கூடவே கூடாது.

தின்னரும் வேண்டாம். அது பெயிண்டையே கரைக்கும். பிளாஸ்டிக் பாகங்களை மங்கச் செய்யும்.

என்ன செய்ய வேண்டும்?

செலவில்லாத வழி இருக்கிறது. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதலில் வண்டியைக் கழுவுங்கள். மணல் துகள் இருந்தால், துடைக்கும்போது கீறல் விழும்.

தலைமுடி உலர்த்தும் கருவியால் ஸ்டிக்கரைச் சூடாக்குங்கள். கை பொறுக்கும் சூடு போதும். டேங்க் என்றால் கருவி வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வையுங்கள். பசை இளகும். ஓரத்தை நகத்தால் தூக்கி, மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

மிச்சம் இருக்கும் பசை மீது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கட்டை விரலால் தேயுங்கள். பசை திரி திரியாகத் திரண்டு வரும். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். போகாவிட்டால் மறுபடியும் எண்ணெய்தான். கடைசியில் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிரேக்கிலும் டயரிலும் எண்ணெய் படவே கூடாது. பட்டால் வண்டி வழுக்கும், பிரேக் பிடிக்காது.

பசை போன பிறகும் ஸ்டிக்கர் இருந்த இடம் தனியாகத் தெரியலாம். அது அழுக்கு அல்ல. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் மங்கியிருக்கிறது. மூடியிருந்த இடம் மங்கவில்லை. அதைப் போட்டுச் சுரண்டாதீர்கள்.

பொறுமைதான் மருந்து

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்தது அல்ல. அமெரிக்காவில் காருக்கு இரண்டு வர்ணம் அடிப்பவர்கள், ஒட்டிய நாடாவை எடுத்தபோது பெயிண்டும் சேர்ந்து உரிந்தது. அதைப் பார்த்த ரிச்சர்டு டிரூ என்பவர், பெயிண்டை உரிக்காத நாடாவை 1925-ல் உருவாக்கினார்.

என் கருத்து இதுதான். வண்டி, நாம் உழைத்து வாங்கிய சொத்து. அது விளம்பரச் சுவர் அல்ல. கடைக்காரர் தன் கடைப் பெயரை ஒட்ட வந்தால், "வேண்டாம் அய்யா" என்று சொல்லுங்கள். நீங்களே ஒட்டுவதானாலும் ஒரு தடவை யோசியுங்கள்.

ஒட்டியாகிவிட்டதா? எடுக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரக்காரன் கையில் பிளேடு இருக்கும். பொறுமைசாலி கையில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். யாருடைய வண்டி பளபளக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?