பசுவுக்கும் வசந்தம் உண்டு

சுவீடன் நாட்டில் ஏப்ரல் மாதக் கடைசியிலும் மே மாதத்திலும் ஒரு விழா நடைபெறுகிறது. அதற்குக் கோயிலும் இல்லை, பூசகரும் இல்லை. நீண்ட பனிக்காலம் முழுவதும் கொட்டிலுக்குள் அடைபட்டுக் கிடந்த பசுக்களைப் பச்சைப் புல்வெளிக்குத் திறந்து விடும் நாள் அது. கதவு திறந்ததும், கனத்த மடியுடைய கறவைப் பசுக்கள் தம் வயதை மறந்து, கன்றுகளைப் போல வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளிப் பாய்கின்றன. சில முழந்தாளிட்டுப் புல்லிலே முகத்தைத் தேய்க்கின்றன. நகரங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பல்லாயிரக்கணக்கில் வேலியோரங்களில் நின்று இதனைப் பார்த்து மகிழ்கிறார்கள்.

அழகான காட்சிதான். அதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பின்னால், பண்ணையொன்றில் வளர்ந்த ஒரு சிறுமி இருக்கிறாள். அவளைப் பற்றி எம்மவர் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

அஸ்ரிட் லிண்ட்கிரென் 1907ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, தென் சுவீடனின் ஸ்மோலாந்து மாகாணத்தில், விம்மர்பி என்ற சிறு நகரை அடுத்த நேஸ் பண்ணையில் பிறந்தார். அது தேவாலயத்துக்குச் சொந்தமான நிலம். தந்தை சாமுவேல் ஓகஸ்ட் குத்தகைக்கு எடுத்து அதனைப் பயிரிட்டார். நான்கு பிள்ளைகளில் இரண்டாமவர் அஸ்ரிட். 1945இல் வெளிவந்த 'பிப்பி' என்ற குறும்புக்காரச் சிறுமியின் கதை அவரை உலகறியச் செய்தது. ஆயினும் பண்ணை வாழ்க்கையைத் தேடுபவர்கள் படிக்க வேண்டியவை, 1947, 1949, 1952ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய 'புல்லர்பீன்' கதைகள். தந்தை வளர்ந்த சேவட்ஸ்தோர்ப் என்ற சிற்றூரின் சாயலில் அமைந்தது புல்லர்பீன். மூன்றே வீடுகள், ஆறு சிறுவர்கள், அவர்களைச் சுற்றி நாயும் கோழியும் ஆடும் மாடும். பின்னர் ஏழாவதாக ஒரு குழந்தையும் பிறந்து சேர்கிறது.

அந்தக் கதைகளில் வசந்தம் வருவதே விலங்குகளோடுதான். தாயை இழந்த செம்மறிக் குட்டியொன்று லீசா என்ற சிறுமியின் பொறுப்பாகிறது. போத்தலில் பால் புகட்டி அவள் அதனை வளர்க்கிறாள். அது அவளைத் தாயாக எண்ணிப் பின்தொடர்கிறது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறது. எமது கிராமங்களில் தாயில்லா ஆட்டுக்குட்டிக்குச் சூப்பிப் போத்தலில் பால் பருக்கிய எவருக்கும் இதில் புதுமை தோன்றாது. யாழ்ப்பாணத்துப் பூவரசும் ஸ்மோலாந்தின் பூர்ச்ச மரமும் வேறு வேறு. மடியில் கிடக்கும் குட்டியின் சூடு ஒன்றுதான்.

இந்தக் கதைகளுக்கு ஒரு பின்விளைவு ஏற்பட்டது. ஜெர்மானியர் இவற்றைப் படித்துப் படித்து, சுவீடன் என்றாலே சிவப்பு மரவீடுகளும் பச்சை வயல்களும் கவலையற்ற சிறுவர்களும்தான் என்று கற்பனை செய்துகொண்டார்கள். இந்த மயக்கத்துக்கு 'புல்லர்பூ நோய்க்குறி' என்று பெயரே உண்டு. இழந்துவிட்ட ஒரு கிராமத்தை, அது இருந்ததைவிட இனிமையாக நினைத்துக்கொண்டு ஏங்கும் நோய் அது. புலம்பெயர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த நோயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

லிண்ட்கிரெனுக்கு அந்த நோய் இருக்கவில்லை. காரணம், பண்ணையில் அவர் வேடிக்கை பார்க்கும் பிள்ளையாக வளரவில்லை. கோழிகளுக்குத் தீனியாகக் காஞ்சோன்றி இனத்துச் செடியைப் பறித்து வருவதும், கிழங்குப் பாத்திகளில் நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்து விடுவதும் அவ்வீட்டுப் பிள்ளைகளின் வேலைகள். தொடங்கிய வேலையை முடித்துவிட்டுத்தான் விளையாட்டு. எங்கள் பிள்ளைகள் ஆட்டுக்குக் குழை ஒடித்ததும் மாட்டுக்குப் புல் செதுக்கியதும் இதே வகைதான். தான் சாப்பிடு முன்னர் இன்னொரு உயிர் சாப்பிட்டதா என்று பார்க்கும் பழக்கம், புத்தகத்தில் வராத பாடம்.

பண்ணைப் பிள்ளை இன்னொன்றையும் அறிகிறது. வசந்தத்தில் பிறந்த குட்டி மாரிகாலத்தில் இருக்காது என்பதையும் அது அறிந்துகொள்கிறது. லிண்ட்கிரென் இதனை மறைக்கவில்லை. அவருடைய எமில் என்ற சிறுவன், பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட பன்றிக்குட்டி ஒன்றைப் பேணி வளர்த்து, பின்னர் நத்தார்க் கத்தியிலிருந்தும் அதனைக் காப்பாற்றுகிறான். ஒரு பன்றி தப்பியது. மற்றவை தப்பவில்லை என்பது கதையைக் கேட்கும் பிள்ளைக்குத் தெரியும். இறைச்சி உண்ணும் சமுதாயத்தில் பிறந்த அவர் இறைச்சியே கூடாது என்று வாதாடவில்லை. கொல்லப்படப்போகும் உயிர், அதுவரை வாழ்ந்த வாழ்க்கையாவது வாழ்க்கையாக இருக்க வேண்டும் என்றுதான் வாதாடினார்.

அந்த வாதம் 1985இல் தொடங்கியது. அப்போது அவருக்கு 77 வயது. ஓய்வெடுக்கும் வயது. சுவீடனின் கால்நடை வளர்ப்பு அதற்குள் தொழிற்சாலையாக மாறியிருந்தது. கோழி சிறகை விரிக்க முடியாத கம்பிக் கூட்டில் முட்டையிட்டது. பன்றி சீமெந்துத் தரையில் வைக்கோலையே காணாது வளர்ந்தது. கோடை வந்தும் வெளியே போகாத பசுக்கள் இருந்தன. கிறிஸ்ரினா ஃபோர்ஷ்லுண்ட் என்ற மிருக வைத்தியருடன் சேர்ந்து, லிண்ட்கிரென் நாளிதழ்களில் எழுதத் தொடங்கினார். வைத்தியர் விபரங்களைத் தந்தார். கதாசிரியர் அவற்றுக்குக் குரல் கொடுத்தார். அக்கட்டுரைகள் பின்னர் 1990இல் நூலாயின. 'என் பசுவுக்கும் மகிழ்ச்சி வேண்டும்' என்ற பொருளுடையது அந்நூலின் தலைப்பு.

இதற்கு முன்னரே அவருடைய பேனாவின் வலிமையை அரசாங்கம் அனுபவித்திருந்தது. 1976இல், தன் வருமானத்துக்கு 102 சதவீத வரி வருகிறது என்பதை ஒரு தேவதைக் கதையாக அவர் பத்திரிகையில் எழுதினார். நாற்பது ஆண்டுகளாக ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றதற்கு அக்கதையும் ஒரு காரணம் என்பார்கள். ஆகவே இம்முறை அரசாங்கம் செவிசாய்த்தது. 1987 நவம்பரில், அவருடைய 80ஆவது பிறந்தநாளில், பிரதமர் இங்வார் கார்ல்சன் நேரில் வந்து புதிய சட்டம் வரப்போகிறது என்று தெரிவித்தார். 1988இல் அது நடைமுறைக்கு வந்தது. கோடையில் பசுக்களை மேய்ச்சலுக்கு விடுவதைச் சட்டம் கடமையாக்கியது. பின்வந்த விதிகளின்படி, நாடு முழுவதும் ஒரே அளவாக இல்லாமல், குளிர் மிகுந்த வடக்கில் 60 நாட்கள், தெற்கில் 120 நாட்கள் என்று கணக்கும் வகுக்கப்பட்டது.

சட்டத்தை மக்கள் அவர் பெயரால் அழைத்தார்கள். அவரோ திருப்தி அடையவில்லை. பேசியதில் பாதியைச் சட்டம் நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்று வெளிப்படையாகக் குறைகூறினார். அவருடைய அதிருப்தி நியாயமானது. கோழிக் கூடுகளை ஒழிப்பதற்குச் சட்டம் கொடுத்த பத்தாண்டுத் தவணை தீர்ந்தபோதும் கூடுகள் முற்றாக ஒழியவில்லை. மேய்ச்சல் கடமையைத் தளர்த்தலாமா என்ற விவாதமும் அண்மைய ஆண்டுகளில் அங்கே எழுந்தது. ஒரு தடவை வென்ற உரிமை என்றைக்கும் நிலைக்கும் என்று நம்புவது பேதைமை. எனினும், பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் வியப்பது இதனைத்தான்: ஓர் எழுத்தாளர் தம் பிள்ளைப்பருவத்து நினைவை எடுத்து, அதனைக் கண்ணீராகக் கரைத்துவிடாமல், பாராளுமன்றத்தின் முன் சாட்சியமாக வைத்தார். பசு எப்படித் துள்ளும் என்பதைத் தாம் பார்த்திருந்தபடியால், அது துள்ளாமல் கிடப்பது தவறு என்று அவரால் சொல்ல முடிந்தது.

எமது நிலை என்ன? எம்மவரின் கதைகளிலும் கவிதைகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் ஆடுமாடுகளுக்குக் குறைவில்லை. பட்டிப் பொங்கலன்று பொட்டிட்டு மாலை சூட்டிய பசு வருகிறது. வேலியோரத்து மறியாடு வருகிறது. ஆனால் அந்த நினைவுகளிலிருந்து ஒரு கோரிக்கையாவது பிறந்திருக்கிறதா? இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. லிண்ட்கிரென் பிறந்த அதே ஆண்டு! வதைக்கு அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. இன்று அந்தப் பணத்துக்கு ஒரு லீற்றர் பால்கூடக் கிடைக்காது. 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த மிருக நலன் சட்டமூலமோ அமைச்சுகளுக்கும் அமைச்சரவைக்கும் இடையே ஆண்டுக்கணக்காக அலைந்தது. அதற்காகக் குரல் எழுப்பியவர்களில் தமிழ் எழுத்தாளர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மனிதருக்கே நீதி கிடைக்காத நாட்டில் மாட்டுக்கு நீதியா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் வலி இருக்கிறது. அதனை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளைப் பாருங்கள். தம் மேய்ச்சல் தரைகளை வெளியிடத்தவர் பிடித்துப் பயிர் செய்வதை எதிர்த்து, 2023 செப்ரெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். தம் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் மடிவதாக முறையிட்டார்கள். அங்கே மாட்டின் மேய்ச்சல் வேறு, அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு வேறு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? புல்தரை போனால் பட்டி போகும். பட்டி போனால் பிள்ளையின் படிப்பும் போகும்.

லிண்ட்கிரெனும் இவற்றைப் பிரிக்கவில்லை. 1978இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் சமாதானப் பரிசு பெற்றபோது, பிள்ளைகளை அடித்து வளர்ப்பதற்கு எதிராகவே அவர் உரையாற்றினார். மறு ஆண்டில், பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடைசெய்த முதல் நாடானது சுவீடன். பிள்ளையும் விலங்கும் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க முடியாதவர்கள் என்ற ஒரே எண்ணமே இரண்டு போராட்டங்களுக்கும் அடிப்படை. அவர் 2002 ஜனவரியில், 94ஆவது வயதில் மறைந்தார்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் எம் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் கடைத் தட்டிலிருந்து வருகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாண நகரத்திலும்கூட நிலைமை அதுதான். அவர்களை வசந்த காலத்தில் ஒரு பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கன்றைத் தடவட்டும், படம் எடுக்கட்டும். அதன் பிறகு, இந்தக் கன்று எங்கே மேயும், அந்த நிலம் யாருடையது, அதனை யார் காப்பது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வீடு திரும்பியதும், உங்கள் ஊர் ஆட்டுக்குட்டியைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் அடுத்த நினைவுக் கட்டுரையில் மயிலத்தமடுவுக்கும் இரண்டு வரிகள் ஒதுக்குங்கள்.