ஆடுகளின் கணக்கு சுவரில் இருக்கிறது

தஞ்சைப் பெரிய கோயில். பிற்பகல் மூன்று மணி வெயில். வேனில் வந்திறங்கிய ஒரு குடும்பம், கால் சுடுகிறதென்று விமானத்தின் கீழ்ப்புறமாக ஒதுங்கி நிற்கிறது. கூட வந்த வழிகாட்டி கையை உயர்த்திச் சொல்கிறார்: “இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது.” பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அத்தனை பேரும் நிற்பது அந்த விமானத்தின் நிழலில்தான்.

அடுத்து உச்சிக்கல் வரும். எண்பது டன், ஒரே கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானைகள் இழுத்தன என்பார்கள். அது ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பிறகு நந்தி வளர்ந்த கதை. அந்த நந்தி ராஜராஜன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் நாயக்கர் வைத்தது. கதைகள் இருந்துவிட்டுப் போகட்டும். கோயில் என்றால் கதை இருக்கும். ஆனால் கைக்கெட்டும் உயரத்தில், அதிட்டானம் என்ற அடித்தளம் நெடுகிலும், கல்லில் வெட்டிய எழுத்து வரிவரியாக ஓடுகிறது. குடும்பம் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு பிரசாதக் கடைக்கு நகர்கிறது.

அந்த எழுத்தைப் படிக்காததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். அதற்கும் இந்தக் கோயிலே பதில் வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கே தெளிவாகத் தெரியாது. பிரகதீசுவர மாகாத்மியம் கரிகாலன் என்றது. ஜி.யு. போப் காடுவெட்டிச் சோழன் என்று எழுதினார். ராஜராஜீச்சரம் என்று கட்டியவனின் பெயரையே சுமந்திருந்த கோயில், வேறு பெயருக்கு மாறி, கட்டியவனையும் மறந்திருந்தது. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹூல்ஷும், அவருடன் பணியாற்றிய வெங்கய்யாவும் அந்தச் சுவர்களைப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது.

மன்னன் ஒளிந்திருக்கவில்லை. தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததைச் சொல்லியிருந்தான். தான் கொடுத்தவை, அக்காள் குந்தவை கொடுத்தவை, தன் பெண்டிர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி மறு ஆண்டில் ஆணையிட்டதும் அதே சுவரில்தான் இருக்கிறது. ஊர் தினமும் அதைச் சுற்றி வந்தது, படிக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

இன்று ‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்துவிட்டுச் சோழநாட்டுக்குப் புறப்படும் இளைஞர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது. ஹூல்ஷும் வெங்கய்யாவும், பின்னால் நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் உழைத்திராவிட்டால் 1950இல் கல்கிக்கு எழுதக் கதையே இருந்திருக்காது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் கல்வெட்டு, காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு என்பார்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வந்த ஆணை அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்களுடைய உறவினர்களின் சொத்துகளையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. கொலை எப்படி நடந்தது, யார் தூண்டினார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்தில்தான் கல்கி ஐந்து பாகம் எழுதினார்.

அரசர் கதை கிடக்கட்டும். கோயில் சுவர்களில் மெய்யாகவே சுவையானது சாமானியர்களின் கணக்கு.

ஒரு நந்தாவிளக்கை எடுத்துக்கொள்ளலாம். சந்நிதியில் அணையாமல் எரிய ஒருவர் விளக்கு வைக்க விரும்புகிறார். நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். பணம் கொடுத்தால் செலவாகிவிடும். ஆடு கொடுத்தால்? பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. மந்தையை இடையர் ஒருவர் ஏற்றுக்கொள்வார். நாள்தோறும் நெய் அளப்பார். ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை 96க்குக் குறையக்கூடாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. சாகாத, கிழடாகாத ஆடு! வைப்புத்தொகை வங்கியில் இல்லை, மேய்ச்சல் நிலத்தில் இருந்தது. ஆட்டை ஏற்ற இடையர் பெயர், அவர் ஊர், அவர் தவறினால் பொறுப்பேற்கும் உறவினர் பெயர் என்று ஜாமீன்தாரர் வரை கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற கட்டடத்தின் சுவரில் மன்னன் பெயரோடு ஆடு மேய்த்தவர் பெயரும் இருக்கிறது என்று எந்த வழிகாட்டியாவது சொல்வதுண்டா?

ஆடல் மகளிர் நானூறு பேரின் பட்டியலும் அங்கேதான். சோழநாட்டின் பல தளிகளிலிருந்து வரவழைத்து, கோயிலைச் சுற்றித் தளிச்சேரியில் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாக வருகிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் உண்டு. ராஜராஜப் பெருநாவிசன் என்று நாவிதருக்கும் இடம் உண்டு. கல் சுமந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத்தான் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நேர்மை முக்கியம். பழங்கோயில் வரலாறு என்றதும் பெருமைக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பரப்புகிற பழக்கம் சமூக ஊடகங்களால் கூடியிருக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகள் வியக்க வைப்பவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கும் பெயர் எழுதும் தகுதியே கிடையாது. கடைசி விதியை இன்றைய உள்ளாட்சித் தேர்தலில் வைத்தால் எத்தனை வேட்பு மனு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அது பிராமணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் வேண்டும். வேதக் கல்வியும் தகுதியாகக் கேட்கப்பட்டது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

இன்னும் கசப்பானதும் உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. ராகு கேது பரிகாரத்துக்காக அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஏராளம். அந்த அப்பனையும் மகள்களையும் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதற்கு நேர்மாறானதும் வேறோர் ஊரில் கிடைக்கும். வாலாஜாபாத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயில். வீரராஜேந்திரன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஒன்றை விவரிக்கிறது. ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். அவரவர் சம்பளம், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர், இராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைத் தணிக்கை அறிக்கை போலத்தான் இருக்கும்.

கோயிலுக்குப் போவது சாமி கும்பிட. பாடம் படிக்க அல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் அருங்காட்சியகம் அல்ல என்பதும் சரி. ஆனால் இந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை பக்தியின் ரசீதுகள். கர்ப்பகிருகத்துக்கு வெளியே ட்யூப் லைட்டில் வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிற அதே ஆசைதான் 96 ஆடு கொடுத்தவருக்கும் இருந்தது. கும்பிட வருகிறவர், தமக்கு ஆயிரம் ஆண்டு முன்னால் அதே இடத்தில் கும்பிட்டவரைத் தெரிந்துகொள்வதில் பக்திக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

குறை வேறு பக்கமிருந்து வருகிறது. திருப்பணி என்ற பெயரில்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்று கம்பிரஷர் வைத்து மணலைப் பீய்ச்சியடித்த காலம் ஒன்று இருந்தது. கல் பளிச்சென்று ஆனது. எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் மழுங்கின. எதிர்ப்புக் கிளம்பிய பின் அரசு அதற்குத் தடை போட்டது. ஆனால் சுவிட்சு பெட்டி பொருத்தக் கல்வெட்டில் துளை போடுவதும், வரிகளின் மேல் எனாமல் பூசுவதும், தளத்தை உயர்த்தி கிரானைட் பதித்துக் கீழ்வரிகளைப் புதைப்பதும் நின்றபாடில்லை. பிரித்துக் கட்டும்போது எழுத்துள்ள கல் படிக்கட்டாகிவிடும்; அல்லது தலைகீழாக ஏறிவிடும்.

செம்பியன் மாதேவி இதை எப்படிச் செய்தார் என்று பார்க்க வேண்டும். கண்டராதித்த சோழனின் மனைவி. 10ஆம் நூற்றாண்டில் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக்கியவர். கும்பகோணத்துக்கு அருகே திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டியபோது, அங்கே முன்பிருந்த கற்களிலிருந்த பல்லவர், பாண்டியர் காலத்துச் செய்திகளை அப்படியே படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்க்கச் சொன்னார். தன் குலம் வென்ற குலத்தின் தர்மத்தையும் அழியவிடவில்லை. கம்ப்யூட்டரும் கேமராவும் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசியின் கவனம் கைகூடாதது வெட்கம்தான்.

படிகள் இல்லாமலில்லை. நூறாண்டுக்கு மேலாக எடுத்த மைப்படிகள் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தொகுதிகள் தொகுதிகளாக அச்சிலும் வந்திருக்கின்றன. அவை ஆய்வாளருக்கான நூல்கள். பிரதோஷத்துக்கு வருகிறவர் கைக்கு எட்டாதவை. நடுவில் பாலம் போட்டவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். திருச்சியில் கண் மருத்துவரான இரா. கலைக்கோவன், தந்தை மா. இராசமாணிக்கனார் பெயரில் வரலாற்று ஆய்வு மையம் அமைத்து, சுற்றுவட்டாரக் கோயில்களைச் சுவர் சுவராகப் படித்து எழுதினார். சோழர் கால எழுத்து தமிழ் தெரிந்தவருக்கு எட்டாத ஒன்றல்ல. புள்ளி பெரும்பாலும் இருக்காது, நடுவே கிரந்தம் வரும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’யில் தொடங்கி, மன்னன் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தி, யாண்டு, கொடை என்று போய், இந்தத் தர்மத்தைக் காப்பவன் திருவடி என் தலைமேல் என்று முடியும். இந்த வாய்பாடு பிடிபட்டால் பாதி படித்த மாதிரி. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு முன்னால் தமிழாசிரியர் நாலு வகுப்பு இதற்கு ஒதுக்கினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒவ்வொரு பழங்கோயிலிலும் ஒரு பலகை: எந்தக் காலத்துக் கட்டடம், மூத்த கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது, அது என்ன சொல்கிறது என்று இன்றைய தமிழில் பத்து வரி. அபராதத் தொகையை அறிவிக்கிற நீலப் பலகைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டு, முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரி ஒருவர் வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு வைக்கும் வரவேற்புத் தட்டிகளின் செலவில் ஒரு துணுக்கு இதற்குப் போதும்.

பலகை வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வியாழக்கிழமை உள்ளூர்ச் சிவன் கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு விளக்கேற்றும்போது, அவர் மாடத்துக்குக் கீழே, குங்குமமும் எண்ணெயும் படிந்த அந்தக் கற்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எழுத்து தெரிந்தால் அதன்மேல் அகலை மட்டும் வைக்காதீர்கள்.