குஞ்சு வளர்க்கும் புறாவுக்கு என்ன தீனி?

புறா வளர்க்கும் அன்பர் பலர் வெறுஞ் சோளத்தையே அள்ளியிடுகின்றனர். பெற்ற பறவை கொழுக்கும். குஞ்சோ வளராது தேம்பும், சில மடிந்தும் போகும். காரணம் யாது? புறாக் குஞ்சு முதற் சில நாட்களும் தாயும் தந்தையும் தத்தம் கண்டப்பையிற் சுரந்தூட்டும் பாலையே உண்டு வாழ்கின்றது. அப்பாலில் மாச்சத்து இல்லையென்றே கூறலாம். புரதமும் கொழுப்புமே மிகுதி. சோளத்திலுள்ள புரதமோ நூற்றுக்கு 9 பங்கு வரையிலேதான். பயற்றில் ஏறக்குறைய 24 பங்கு உண்டு. இரு பங்கு சோளத்துடன் ஒரு பங்கு பயறு கலந்தால் 14 பங்கு புரதங் கிடைக்கும். கூட்டிற் குஞ்சு இருக்குங்கால் பயற்றைச் சற்றே கூட்டுக.

அதற்காகப் பயற்றை மட்டும் இடுதலுந் தகாது. உடற்சூட்டுக்கும் உழைப்புக்கும் வேண்டிய சக்தி மாச்சத்திலிருந்து கிட்டாவிடின், விலையுயர்ந்த புரதமே எரிந்து தீரும். அதன் கழிவை அகற்றச் சிறுநீரகத்துக்கு வேலை கூடும், பறவை மிகுதியாக நீர் பருகும், எச்சமும் நீர்த்துப்போகும்.

புறா பொல்லாத சுவைஞன்! எவ்வளவு கலந்து வைப்பினும் விரும்பிய மணியையே பொறுக்கும். ஆகவே காலையும் மாலையும் அளந்திட்டு, தட்டில் எது மிஞ்சுகிறதென்று பாருங்கள். சிப்பித்தூளும் சிறு கற்களும் வேறொரு சிரட்டையில் இருக்கட்டும்.