பாலிசியை அணைக்கச் சொல்லாதீர்கள்: மெய்நிகர் கணினி நிர்வாகிகளின் கோரிக்கைச் சாசனம்

லினக்ஸ் வழங்கல்களை வெளியிடுவோருக்கும், மெய்நிகர் கணினி மேலாண்மைக் கருவிகளை எழுதுவோருக்கும், அவற்றை வாங்கி நிறுவும் அலுவலகங்களுக்கும்:

ஒரே செர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டி, கண்காணித்து, பழுது நீக்கிப் பிழைப்பவர்கள் நாங்கள். கல்லூரி ஆய்வகத்தின் தேர்வு மதிப்பெண்களும், மருத்துவமனையின் நோயாளர் பதிவேடும், சிறு கடைக்காரரின் கணக்கும் எங்கள் ஹோஸ்டுகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒருவருடைய மெய்நிகர் கணினிக்குள் புகுந்தவன் அடுத்தவருடைய வட்டைத் தொடக்கூடாது. இந்த உறுதியை அவர்களுக்கு நாங்கள் கொடுத்திருக்கிறோம். அதைக் காப்பாற்ற எங்களுக்கு என்ன வேண்டும் என்று இங்கே பகிரங்கமாகக் கேட்கிறோம்.

கேவிஎம், க்யூஇமு வழியே ஓடும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் (விஎம்) ஹோஸ்டைப் பொறுத்தவரை ஒரு சாதாரண புரோசஸ்தான். ஃபெடோரா, ரெட்ஹாட் வழங்கல்களில் அவை அனைத்தும் க்யூஇமு என்ற ஒரே பயனர் பெயரில் ஓடுகின்றன. டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்விர்ட்-க்யூஇமு என்ற பெயர். பயனர் ஒருவரே என்பதால், வழக்கமான கோப்பு அனுமதிகளால் இந்த விஎம்மை அந்த விஎம்மிடமிருந்து பிரிக்க வழியே இல்லை. அந்தப் பிரிவினையைச் செய்வது கட்டாய அணுகல் கட்டுப்பாடு; அதன் விதிகளைத்தான் பாலிசி என்கிறோம். 2008இல் ஜேம்ஸ் மாரிஸ் முன்மொழிந்து, 2009இல் விஎம்களை ஆளும் லிப்விர்ட் மென்பொருளில் சேர்ந்த எஸ்விர்ட், எஸ்இலினக்ஸின் துணையோடு ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் கிளம்பும்போது 1,024 பிரிவு எண்களிலிருந்து இரண்டைப் பொறுக்கி, புரோசஸின் மீதும் அதன் வட்டுக் கோப்பின் மீதும் ஒரே ஜோடியை லேபிளாக ஒட்டுகிறது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஜோடிகள் சாத்தியம். ஜோடி பொருந்தாவிட்டால் கர்னலே கதவைச் சாத்திவிடும்; கோப்பின் உரிமையாளர் யார் என்பது அப்போது பொருட்டாகாது. உபுண்டுவில் இதே வேலையை ஆப்ஆர்மர் பார்க்கிறது. அங்கே ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி பாலிசிக் கோப்பு உருவாகிறது.

இது ஏட்டுப் பாதுகாப்பு அல்ல. 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற ஓட்டை, க்யூஇமுவின் ஃபிளாப்பி டிரைவ் நிரலில் 2004 முதல் இருந்துவந்தது. ஃபிளாப்பியை யாரும் பயன்படுத்தாத காலத்திலும் அந்த நிரல் உள்ளே உயிரோடுதான் இருந்தது. அதன் வழியே கெஸ்டிலிருந்து ஒருவன் க்யூஇமு புரோசஸைக் கைப்பற்றினால், பாலிசி அமலில் உள்ள ஹோஸ்டில் அவன் கை அந்த ஒரு விஎம்மின் கோப்புகளோடு பெரும்பாலும் நின்றுவிடும். பாலிசி அணைக்கப்பட்ட ஹோஸ்டில் பக்கத்து வட்டுகள் எல்லாம் அவனுக்குத் திறந்தே கிடக்கும்.

அப்படியிருந்தும் எத்தனையோ ஹோஸ்டுகளில் பாலிசி அணைந்து கிடக்கிறது. காரணம் சோம்பல் என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். நடப்பது இதுதான். புது வட்டை வேறொரு டைரக்டரியில் வைத்து விஎம்மைக் கிளப்பினால் 'பர்மிஷன் டினைட்' என்று ஒரே வரி வருகிறது. நிர்வாகி கோப்பின் உரிமையைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. சிஎச்மாட் 777 கொடுக்கிறார், அதே வரி. இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது, வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார். தேடினால் கிடைக்கும் பதில் 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று அடி, அல்லது க்யூஇமு.கான்ஃப் கோப்பில் செக்யூரிட்டி டிரைவரை 'நன்' என்று மாற்று. மாற்றியதும் விஎம் கிளம்புகிறது. அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றிய கதைதான் இது. அந்தக் கம்பி பிறகு கழற்றப்படுவதே இல்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கையும், மற்ற எல்லாவற்றையும்விட நாங்கள் அழுத்திச் சொல்வதும் இது: தடுத்தது யார் என்று கருவி சொல்ல வேண்டும். தடுத்தது கோப்பு அனுமதியா, எஸ்இலினக்ஸா, ஆப்ஆர்மரா? கோப்பில் இப்போது உள்ள லேபிள் எது, இருக்க வேண்டியது எது, எந்தக் கட்டளையால் திருத்தலாம்? எஸ்இலினக்ஸும் ஆப்ஆர்மரும் தடுத்தவை ஆடிட் லாக்கில் ஏற்கெனவே பதிவாகின்றன. விர்ட்-மேனேஜர், வட்டு இருக்கும் பாதையில் க்யூஇமு பயனருக்கு நுழைவு அனுமதி இல்லையென்றால் அதைச் சொல்லி, 'இப்போதே சரிசெய்யவா' என்று கேட்கிறது. நல்ல வழக்கம். அதே பரிவை லேபிள் விஷயத்திலும் ஒவ்வொரு மேலாண்மைக் கருவியும் காட்ட வேண்டும். செமேனேஜ் கொண்டு டைரக்டரிக்குச் சரியான லேபிளைப் பதிந்து, ரீஸ்டோர்கான் ஓட்டினால் ஒரு நிமிட வேலை. அந்த இரண்டு கட்டளைகளும் பிழைச் செய்தியிலேயே இருந்திருந்தால் பாதிப் பேர் பாலிசியை அணைத்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறோம்.

இரண்டாவது, நிறுவல் கையேட்டின் முதல் பக்கத்தில் 'எஸ்இலினக்ஸை முடக்கவும்' என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். கருவியை விற்கும் ஒவ்வொருவரும் அதற்கான பாலிசியையும் சேர்த்தே தர வேண்டும். பாலிசி அமலில் இருக்கும் என்ஃபோர்சிங் நிலையில் சோதிக்கப்படாத கருவியை முழுமையான பொருளாக நாங்கள் ஏற்கமாட்டோம். சோதனைக்காகத் தளர்த்தியே ஆக வேண்டுமென்றால், ஒரே ஒரு டொமைனை மட்டும் பெர்மிசிவ் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) ஆக்கும் வசதி செமேனேஜில் இருக்கிறது. கையேடு அதைச் சொல்லட்டும், திரும்பப் பூட்டும் கட்டளையோடு. 2023இல் வந்த லினக்ஸ் 6.4, ஓடும்போதே எஸ்இலினக்ஸை முழுதாக முடக்கும் வசதியைக் கர்னலிலிருந்து நீக்கிவிட்டது. கர்னல் எழுதுவோர் எடுத்த நிலையைக் கையேடு எழுதுவோரும் எடுக்க வேண்டும்.

ஆப்ஆர்மர் பக்கம் ஒரு நெடுநாள் குறை உண்டு. விஎம்மின் பாலிசியை எழுதித் தரும் விர்ட்-ஏஏ-ஹெல்பர், வட்டின் நேரடிப் பாதையைக் கொடுத்தால் சரியாகச் சேர்த்துவிடும். ஸ்டோரேஜ் பூல், வால்யூம் என்ற பெயர்களால் கொடுத்தால் பாதையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவந்தது. தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கின்றன. 'நன்' என்ற மருந்து பரவ இதுவும் ஒரு காரணம். புது வசதி சேர்ப்போர் இரண்டு பாலிசி முறைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

அனுமதிச் சுவிட்சுகளும் பெரிதாக இருக்கின்றன. என்எஃப்எஸ்ஸில் ஒரே ஒரு விஎம்மின் வட்டை வைப்பதற்காக விர்ட்_யூஸ்_என்எஃப்எஸ் என்பதைத் திறந்தால், அந்த ஹோஸ்டின் எல்லா விஎம்களுக்கும் அது திறக்கிறது. தேவைப்படும் விஎம்முக்கு மட்டும் திறக்கும் வழி வேண்டும்.

இனி மேலாண்மைக் கருவியைப் பற்றி. கெஸ்டைக் கட்டிப்போடுவதில் காட்டிய அக்கறை, கெஸ்டை ஆளும் நிரலின் மீது காட்டப்படவில்லை. லிப்விர்ட் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவர் கையில் கிட்டத்தட்ட ரூட் அதிகாரமே வந்துவிடுகிறது: ஹோஸ்டின் சொந்த வட்டையே ஒரு விஎம்மில் மாட்டிப் படித்துவிட அவரால் முடியும். பயிற்சிக்கு வந்த மாணவரையும் இதே குழுவில்தான் சேர்க்கிறார்கள். யார் எந்த விஎம்மை என்ன செய்யலாம் என்று தனித்தனியாக வரையறுக்கும் போல்கிட் வசதி 2013இலேயே லிப்விர்ட் 1.1.0 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் விதிகளைக் கையால் எழுத வேண்டியிருப்பதால் அதைத் தொடுவோர் குறைவு. 'பார்க்க மட்டும்', 'கிளப்பி நிறுத்த', 'வட்டு மாற்ற' என்று ஆயத்த விதிகளை வழங்கல்களே தர வேண்டும். லிப்விர்ட்டி என்ற ஒற்றைப் பெரிய டீமன், க்யூஇமுவுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, ஸ்டோரேஜுக்கு ஒன்று என்று இப்போது பிரிந்துவிட்டது. ஃபெடோரா 35, ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 முதல் அதுவே இயல்புநிலை. பிரித்ததன் பயன், ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அளவே அதிகாரம் கொடுக்கும் இறுக்கமான பாலிசி வரும்போதுதான் கிடைக்கும். அந்த வேலையை விரைந்து முடியுங்கள்.

வாங்கும் அலுவலகங்களுக்கு: 'கட்டாய அணுகல் கட்டுப்பாடு அமலில் இருக்கும்போதே கருவி இயங்க வேண்டும்' என்ற ஒரு வரியை டெண்டரில் சேருங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. தடுப்புப் பதிவுகளும் அந்த லாக்குகளில் இருக்கட்டும். பாலிசி முழுதாக முடக்கப்பட்ட ஹோஸ்டில் அவை பதிவாகவே மாட்டா. பயிற்சி நிலையங்களுக்கு: முதல் நாள் பாடமாக முடக்கும் கட்டளையைக் கற்றுக்கொடுப்பதை நிறுத்துங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று ஏற்கிறோம். தடுப்புப் பதிவுகளிலிருந்து ஆடிட்2அலவ் எழுதித் தரும் அனுமதி விதிகளை வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் ஏற்றமாட்டோம்.

இதை ஏற்கும் நிர்வாகிகளே, உங்கள் ஹோஸ்டுகளில் இன்றே பாருங்கள். எஸ்இலினக்ஸ் பெர்மிசிவ் என்றோ, செக்யூரிட்டி டிரைவர் 'நன்' என்றோ இருந்தால், எந்தக் கருவிக்காக அது அப்படி வைக்கப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். தடுப்புப் பதிவை இணைத்து, அந்தக் கருவியை எழுதியவர்களுக்குப் பிழையறிக்கை அனுப்புங்கள். சரியான லேபிளைப் பதிந்து பாலிசியைத் திரும்ப இயக்குங்கள்.