துண்டுச் சோலைகளும் பெயரில்லாச் செடிகளும்: எங்கள் நிலைப்பாடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் புதிய தாவரம் ஒன்று கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் செய்தியைச் சாக்காக வைத்து, “அரிய இனம் இருப்பதற்கு ஆதாரம் காட்டுங்கள், சோலையை விட்டுவைக்கிறோம்” என்று பேசப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை. ஆதாரம் கிடைக்காவிட்டாலும் சோலை காக்கப்பட வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஓடைக்கரையில், ஓரிரு ஏக்கரில் எஞ்சி நிற்கும் துண்டுகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு செடிக்குப் பெயர் கிடைப்பது எளிதல்ல. உலர்தாவரக் காப்பகங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வின்படி, புதிய இனங்களில் 16 விழுக்காடு மட்டுமே சேகரித்து ஐந்தாண்டுகளுக்குள் பெயர் பெற்றன. ஏறத்தாழ கால்பங்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியிலேயே கிடந்தன. சோலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான் பூக்கும். அதன் உறவுச் செடிகள் பலவும் இப்படிப் பல ஆண்டுகள் பூக்காமல் இருந்து, ஒருசேரப் பூத்து, விதைத்து மடிபவை. பூவைப் பார்க்காமல் இனத்தை உறுதிசெய்ய வகைப்பாட்டியலாளர் தயங்குவார். “குறிப்பிடத்தக்க தாவரம் ஏதுமில்லை” என்று முடிக்கும் மதிப்பீட்டு அறிக்கைகள், எந்த மாதத்தில் போய்ப் பார்த்தார்கள் என்பதையாவது சொல்லட்டும்.

மரத்தை வெட்டினால்தான் அழிவு என்பதில்லை. கிளைகளில் படர்ந்த பாசியும், அதில் வேர்விட்ட ஆர்க்கிடும் பெரணியும், உரசிச் செல்லும் மேகத்தின் ஈரத்தைப் பெரிதும் நம்பியிருப்பவை. சாலைக்காகவோ விடுதிக்காகவோ ஓரத்தைத் திறந்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே நுழைந்து அவற்றை உலர்த்திவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும்.

எங்களுக்கு எதிராக ஈக்வடாரின் சென்டினெலா மலைமுகட்டைக் காட்டுகிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆல்வின் ஜென்ட்ரியும் கேலவே டாட்சனும் அங்கே ஆய்வு செய்தபின் காடு வயலாக்கப்பட்டது. வேறெங்கும் இல்லாத சுமார் 90 தாவர இனங்கள் அதோடு அழிந்தன என்று உலகம் நம்பியது. ஒரு செடிக்கு, அழிந்துபோயிருக்கும் என்ற எண்ணத்தில், 2000ஆம் ஆண்டில் கஸ்தெராந்தஸ் எக்ஸ்டிங்டஸ் என்றே பெயரிட்டார்கள். 2021இல் அது உயிரோடு கிடைத்தது. 2024இல் வந்த ஆய்வு, அந்த இனங்களில் கிட்டத்தட்ட எல்லாமே பிற இடங்களிலும் உள்ளன என்று காட்டியது. அப்படியானால் அச்சுறுத்தல் மிகையா? இல்லை. அந்தச் செடி கிடைத்தது, யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்த எஞ்சிய காட்டுத் துண்டுகளில்தான். எது எங்கே வாழ்கிறது என்று தெரியாமலேயே வெட்டியதுதான் சென்டினெலாவில் நடந்த தவறு. அந்த அறியாமை நம் மலைகளில் இன்னும் தீரவில்லை.

புதிதாக விவரிக்கப்படும் ஒவ்வொரு தாவரத்தையும், மறுப்பு நிறுவப்படும்வரை, அழியும் ஆபத்தில் உள்ளதாகவே கொள்ள வேண்டும் என்று லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் அறிவியலாளர்கள் 2023இல் கோரினர். நாங்கள் ஒரு படி மேலே போகிறோம்: அந்தச் சலுகை செடிக்கு மட்டுமல்ல, அது நிற்கும் சோலைக்கும் வேண்டும். தமிழ்நாடு தனியார் வனங்கள் பாதுகாப்புச் சட்டம் 1949இலிருந்தே இருக்கிறது. பட்டா நிலத்திலும் தோட்டங்களிலும் உள்ள சோலைத் துண்டுகளை அரசு கணக்கெடுத்து, அச்சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். அந்நியக் களைத் தாவரங்களுக்கான 2022ஆம் ஆண்டுக் கொள்கையை வரவேற்கிறோம். ஆனால் அந்நிய மரமான சீகையின் (வாட்டில்) தோப்பு நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கும் இடங்களில் இயந்திரம் இறக்கக் கூடாது.

ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பெயரிடும் விதிகள் மாதிரிச் செடியைக் காப்பகத்தில் வைக்கச் சொல்கின்றன. துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையை அச்சிடச் சொல்லவில்லை. ஆர்க்கிடுகளைத் தேடி அலையும் சேகரிப்பாளர்களுக்கு அந்த எண்களே போதும். மலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதி விவரம் காப்பகத்திலும் வனத்துறையிடமும் இருக்கட்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகளே இருக்கும் இடத்தில் வேரோடு பிடுங்காமல், பூத்த கிளை ஒன்றோடு திரும்புங்கள். எங்கள் களப்பணியாளர்களுக்கும் இதுவே விதி. இதை மீறி எடுத்த மாதிரிகளை எங்கள் வெளியீடுகளில் பயன்படுத்த மாட்டோம்.