ஒரு குயர் பேப்பர்

ஏர்வாடியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற தர்கா ஊர். 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன்னால் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப் போனார்கள். யார் என்றே அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிய உடல்களும் அதில் உண்டு.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 13-ம் தேதி, அதாவது ஒரே வாரத்தில், அங்கிருந்த இந்த மாதிரிக் காப்பகங்கள் அத்தனையையும் அரசு மூடியது. 500 பேருக்கு மேல் அரசுப் பாதுகாப்புக்குக் கொண்டு வரப்பட்டார்கள். ஏழு நாளில் 500 பேரைக் கண்டுபிடிக்க முடிந்த அரசாங்கத்துக்கு, அதற்கு முன்னால் அத்தனை வருஷமும் கண் எங்கே போயிருந்தது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1987-ல் போட்ட மனநலச் சட்டம் 1993-லிருந்து அமலில் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் காப்பகம் நடத்தக்கூடாது என்றது. மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவரை உறவினரோ பொறுப்பில் இருப்பவரோ கொடுமைப்படுத்தினால், அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிப்பது அந்த ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்றும் எழுதியிருந்தது. சங்கிலி என்ன ரகசியமா? வந்து போன யாத்ரீகர் கண்ணிலெல்லாம் பட்டதுதானே!

வழக்கு ஆறு வருஷம் நடந்தது. 2007-ல் நான்கு பேருக்கு ஏழு ஆண்டு சிறை. காப்பக உரிமையாளர், அவர் மனைவி, உறவினர்கள் இருவர். சரியான தண்டனைதான். ஆனால் அந்த நால்வரில் அரசுச் சம்பளம் வாங்கியவர் ஒருத்தர்கூட இல்லை.

'போலீஸ்காரன் என்ன சார் பண்ணுவான், அவனுக்கு ஆயிரம் வேலை' என்பீர்கள். அதையேதான் நானும் சொல்ல வருகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். செப்டம்பரில் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபரில் பசும்பொன் குருபூஜை, ஏர்வாடியில் சந்தனக்கூடு, ராமேஸ்வரத்துக்கு வந்து போகிற வி.ஐ.பி.க்கள். பந்தோபஸ்துக்குக் கிளம்பு என்றால், கொலை வழக்கை விசாரிக்கிற இன்ஸ்பெக்டரும்தான் கிளம்ப வேண்டும். கேஸ் கட்டு பீரோவில் தூங்கும்.

இதற்கு மருந்து புதிதல்ல. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: சட்டம் ஒழுங்கு பார்க்கிற போலீஸ் வேறு, புலன் விசாரணை செய்கிற போலீஸ் வேறு என்று பிரியுங்கள். ஆனால் முதலில் 10 லட்சம் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ஆரம்பித்து, பிறகு படிப்படியாகச் சிறிய ஊர்களுக்குக் கொண்டு போகச் சொன்னது. 2011 கணக்குப்படி ராமநாதபுரம் மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலே சுமார் பதிமூன்றரை லட்சம் பேர்தான். அந்தப் 'படிப்படி'யில் ஏர்வாடி எத்தனையாவது படி?

நான் பி.காம். படித்தவன். எந்த விஷயத்திலும் முதலில் காசு எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். அமெரிக்காவில் கவுன்ட்டி என்று ஒன்று உண்டு, நம் மாவட்டம் மாதிரி. அங்கே பல இடங்களில் ஷெரீப்பின் துப்பறியும் பிரிவுக்கு எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்று பட்ஜெட்டில் தனியாகவே போடுகிறார்கள். உள்ளூர்க்காரன் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகலாம். நம் சட்டசபையில் காவல் துறைக்கு 22-ம் எண் மானியக் கோரிக்கை. சம்பளம் தெரியும், வண்டி தெரியும், கட்டடம் தெரியும். ஏர்வாடிப் பக்கம் ஒரு சந்தேக மரணத்தை விசாரிக்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஒரு சொந்தக் கதை. என் பைக் திருடு போய் ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், ஒரு குயர் வெள்ளைப் பேப்பரும் ரெண்டு கார்பனும் வாங்கிட்டு வந்துருங்க." எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மனுஷன் அதுவரை தன் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றியது. பேப்பரைப் புகார்தாரர் வாங்கித் தந்தால், ஜீப்புக்கு டீசல் யார் போடுவார்? போடுகிறவர் பக்கம்தானே ஜீப் போகும்?

2024 ஜூலை 1-லிருந்து புதிய குற்றவியல் சட்டம் வந்திருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து சாட்சியம் சேகரிக்க வேண்டுமாம். நல்லதுதான். இதை ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். நிபுணரை வேலைக்கு எடுக்கவும், வேனுக்கும், ரசாயனத்துக்கும் எந்தத் தலைப்பில் பணம் வரும்?

பணம் கொடுத்தால் புது பொலேரோ வாங்கிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சிரித்தார். அதனால்தான் தனிக் கணக்கு கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு விசாரணைப் பிரிவு, அதன் ஆட்களைப் பந்தோபஸ்துக்கு இழுக்கக்கூடாது, அதன் செலவு மானியக் கோரிக்கையில் தனி வரியாக வரவேண்டும். அடுத்த முறை 22-ம் எண் கோரிக்கை சபைக்கு வரும்போது, உங்கள் எம்.எல்.ஏ. மேஜையைத் தட்டுவதற்கு முன் இந்த ஒரு வரி அதில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.